பேசும் பெட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற பஸ், கல்லாற்றைத் தாண்டிச் சில கொண்டை ஊசி வளைவுகளில் நம் வயிற்றைப் புரட்டி எடுத்துவிட்டு, "போதும், சற்று இறங்கி மூச்சு விட்டுக்கொள்" என்று இரக்கப்படுவது போல் ஓரிடத்தில் நிற்கும். அதுதான் பர்லியார். ஒரு பக்கம் டீக்கடை, ஒரு பக்கம் பழக்கடைகள், இரண்டுக்கும் நடுவே யாருடைய கையில் பொட்டலம் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் குரங்குகள். கீழே கோயமுத்தூர் ஜில்லாவின் வெயில். மேலே நீலகிரியின் குளிர். இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் இது.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில், கோயமுத்தூரில் கலெக்டராக இருந்த தாமஸ் என்ற வெள்ளைக்காரர் இந்தச் சீதோஷ்ணத்தைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு தோட்டம் போட்டார். 1871ஆம் வருஷத்தில் சர்க்கார் அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. மலாய் நாட்டு மங்குஸ்தானும் துரியனும், ஜாதிக்காயும் கிராம்பும், கடல் கடந்து வந்தவை என்ற நினைப்பே இல்லாமல் இங்கே வேர்விட்டு நிற்கின்றன. பழம் பழுக்கிற மாதங்களில் பர்லியாரில் இறங்கி ஒரு டஜன் மங்குஸ்தான் வாங்காமல் நான் குன்னூருக்குப் போனதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பழத்தைப் பற்றி அல்ல, பணத்தைப் பற்றி. இருந்தாலும் பழத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பழப் பண்ணையில் முப்பது வருஷத்துக்குமேல் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தம் அக்காள் மகனின் கடையில் உட்கார்ந்திருப்பார். கண்ணில் நீர் அழுத்தம் என்கிற வியாதி, எண்ணெய் தீர்ந்த விளக்கைப் போல அவருடைய பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, கடைசியில் அணைத்தே விட்டது. ஒரு நாள் நான் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, என் கையிலிருந்ததை வாங்கி, அதன் அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவினார்.

"ஆறு சுளைங்க தம்பி" என்றார்.

உடைத்துப் பார்த்தேன். ஆறு! இன்னொன்றைக் கொடுத்தேன். "இது அஞ்சு." அதுவும் சரி. ஏதோ ஜாலவித்தை என்று நான் விழித்தபோது அவர் சிரித்துக்கொண்டே சூட்சுமத்தைச் சொன்னார். மங்குஸ்தான் பழத்தின் அடியில் சின்னப் பூவைப் போல ஒரு தழும்பு இருக்கிறது. அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. கண் உள்ள நான் இருபது வருஷமாக அந்தப் பழத்தைத் தின்றும் அதன் அடியைத் திருப்பிப் பார்த்ததில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி குன்னூருக்குத்தானுங்களே போறீங்க? எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணும்."

மடியிலிருந்து ஒரு பாங்கிக் கார்டை எடுத்து என் கையில் வைத்தார். அவருடைய பென்ஷன் பணம் பாங்கிக் கணக்கில் விழுகிறது. அக்காள் மகன்தான் மாதா மாதம் குன்னூருக்குப் போய் யந்திரத்தில் எடுத்து வந்து கொடுக்கிறான்.

"அதுல எவ்வளவு இருக்குது, எப்பெப்ப எவ்வளவு எடுத்திருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. பையன் காதுல விழ வேண்டாம்."

"என்னை எப்படி நம்புகிறீர்கள், ஐயா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு என்கிட்ட ஆகவேண்டியது ஒண்ணும் இல்லீங்களே" என்று சொல்லி, என் காதருகே குனிந்து நாலு எண்களைச் சொன்னார்.

குன்னூரில் அந்த யந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். அதன் நெற்றியிலேயே ஒட்டியிருந்தார்கள்: உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் அதைக் கடைப்பிடிக்க முடியாத மனிதர் அதைப் படிக்கவும் முடியாதவராயிற்றே! வேறொருவரின் ரகசியத்தை விரலால் அழுத்தும்போது, பிறர் வீட்டுப் பெட்டியைத் திறப்பது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. சீட்டு வந்தது. திரும்புகாலில் பர்லியாரில் இறங்கி, பையன் டீ வாங்கப் போன சமயம் பார்த்து, தேதிவாரியாகச் சொன்னேன். பெரியவர் மனத்துக்குள் கூட்டிக் கழித்தார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எடுத்த பணத்தையெல்லாம் பையன் அப்படியே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

பெரியவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு வருஷமா அவனைத் திருடன்னு நெனச்சுக்கிட்டே அவன் போட்ட சோத்தைத் தின்னிருக்கேனுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. ஊர் திரும்பியதும் இந்தப் பணப் பெட்டியின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த யந்திரத்துக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் பலர். ஆனால் முதலில் வீதிக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஷெப்பர்டு-பாரன் என்ற பிரிட்டிஷ்காரர். நம் நாட்டு ஷில்லாங் நகரத்தில் 1925ல் பிறந்தவர். ஒரு சனிக்கிழமை பாங்கி சாத்திய பிறகு போய் நின்று, தம் பணத்தையே எடுக்க முடியாமல் திரும்பினாராம். அன்று ஸ்நானத் தொட்டியில் படுத்திருந்தபோது, காசு போட்டால் சாக்லெட் கொடுக்கிற யந்திரம் ஞாபகத்துக்கு வந்தது. சாக்லெட்டுக்குப் பதில் பணம் கொடுத்தால் என்ன? 1967ஆம் வருஷம் ஜூன் 27ஆம் தேதி, லண்டனின் வட பகுதியில் என்ஃபீல்டு என்ற இடத்தில் பார்க்ளேஸ் பாங்கியின் சுவரில் அந்தப் பெட்டி திறக்கப்பட்டது. ரெக் வார்னி என்ற ஹாஸ்ய நடிகர் முதல் பணத்தை எடுத்தார். அந்த நாளில் பிளாஸ்டிக் கார்டு கிடையாது. கதிரியக்கக் கரியை லேசாகத் தோய்த்த ஒருவிதக் காகிதச் செக்கைத்தான் யந்திரம் அடையாளம் கண்டுகொண்டது. ஒரு தடவைக்குப் பத்து பவுன்தான் கொடுக்கும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சமையலறையில் நடக்கிறது. ரகசிய எண் ஆறு இலக்கமாக இருக்கட்டும் என்றுதான் ஷெப்பர்டு-பாரன் முதலில் நினைத்தார். ராணுவத்தில் அவருக்கிருந்த எண்ணை அவர் மறக்கவில்லை. மனைவி காரலினிடம் கேட்டார். அந்த அம்மாள், "எனக்கு நாலுக்கு மேல் ஞாபகம் நிற்காது" என்று சொல்லிவிட்டார். நாலு என்றே முடிவாயிற்று. இன்று நாம் எல்லோரும் நாலு எண்களை நெஞ்சில் சுமந்து திரிகிறோமே, அது ஒரு குடும்ப ஸ்திரீயின் மறதிக்குக் கொடுத்த மரியாதை.

வாசகர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். பிறக்கும்போதே இந்த யந்திரம் மனித பலவீனம் ஒன்றுக்கு வளைந்து கொடுத்துத்தான் பிறந்திருக்கிறது. ஞாபகக் குறைவு என்பது சமையலறையில் எதிரே உட்கார்ந்திருந்தது, அதனால் கவனித்தார்கள். கண் தெரியாதவர் யாரும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் தேசத்துக்கு இந்தப் பெட்டி 1987ல் பம்பாயில் வந்தது. அதற்கு முன்பு பாங்கியில் ஒரு குமாஸ்தா இருந்தார். அவர் சிடுசிடுத்தவராக இருக்கலாம். டோக்கனைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் காக்க வைத்திருக்கலாம். ஆனால் அவருக்கு வாய் இருந்தது. "உங்க கணக்கிலே இவ்வளவு இருக்கு, பெரியவரே" என்று சொல்லத் தெரிந்திருந்தது. அவர் இடத்தில் வந்து உட்கார்ந்த பெட்டிக்குக் கண்ணாடித் திரைதான் முகம். கண்ணுள்ளவர்களுக்கு அது காத்திருப்பைப் போக்கிற்று. கண்ணில்லாதவர்களுக்கோ, பேசிக்கொண்டிருந்த பாங்கி திடீரென்று வாயை மூடிக்கொண்டது போல் ஆயிற்று.

பல பாங்கிகள் அவர்களுக்குக் கார்டே கொடுக்கவில்லை. செக் புத்தகமும் கிடையாது. கண்ணுள்ள உறவினர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். "உங்கள் பாதுகாப்புக்காகத்தான் சொல்லுகிறோம்" என்று ஓர் ஆறுதல் வார்த்தையும் கூடவே வரும். ஒரு மனிதனுடைய பணத்தை அவனிடமிருந்தே பாதுகாக்கும் விந்தையை எங்கே போய்ச் சொல்வது? இந்த வழக்கு ஊனமுற்றோருக்கான தலைமை ஆணையர் முன்பு போய், 2005 செப்டம்பரில் உத்தரவு பிறந்தது. அதையொட்டி 2008ஆம் வருஷம் ஜூன் 4ஆம் தேதி ரிஸர்வ் பாங்கு எல்லாப் பாங்கிகளுக்கும் எழுதிற்று. பார்வையற்றவர்கள் சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி உள்ளவர்கள். செக் புத்தகம், ஏ.டி.எம்., லாக்கர் முதலிய எதையும் அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். சுதந்திரம் வந்து அறுபது வருஷத்துக்குப் பிறகு, கண் தெரியாதவனும் தன் கையெழுத்துக்குச் சொந்தக்காரன்தான் என்று ஒரு சுற்றறிக்கை எழுத வேண்டியிருந்தது.

கார்டு கிடைத்துவிட்டது, சரி. யந்திரம் பேச வேண்டாமா?

மேல் நாடுகளிலும் ஆரம்பத்தில் இதில் ஒரு வேடிக்கை நடந்தது. 1990ல் அமெரிக்காவில் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்ததும் பாங்கிகள் விசைப் பலகையில் பிரெயில் புள்ளிகளைப் பதித்தன. லூயி பிரெயில் என்ற பிரெஞ்சுப் பையன், பதினைந்து வயதிலேயே, ராணுவத்தார் இருட்டில் படிப்பதற்காக உண்டாக்கிய புள்ளி எழுத்தைச் சீர்திருத்தி, ஆறு புள்ளிகளுக்குள் எழுத்துலகத்தையே அடக்கிக் கொடுத்தவன். உத்தமமான காரியம். ஆனால் விசையில் புள்ளி வைத்தால் 'இது ஐந்து, இது ஏழு' என்றுதான் தெரியும். யந்திரம் இப்போது என்ன கேட்கிறது? ரகசிய எண்ணையா, தொகையையா? "பணம் போதவில்லை" என்கிறதா, "கார்டை எடுத்துக்கொள்" என்கிறதா? அதெல்லாம் திரையில் அல்லவா ஓடுகிறது! பதில் எழுதப் பேனாவைக் கொடுத்துவிட்டு, கேள்வித் தாளை மட்டும் ஒளித்து வைத்த பரீட்சை மாதிரி இருந்தது அது.

திரையைப் பேச வைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் கனடா தேசத்தில் ஒரு பார்வையற்ற தம்பதிகள். ஸ்டார்க் என்று பெயர். 1984ல் தங்கள் பாங்கியைக் கேட்டார்கள். விடாமல் கேட்டார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து, 1997ஆம் வருஷம் அக்டோபர் 22ஆம் தேதி, ஆட்டவா நகரில் ராயல் பாங்கு ஆஃப் கனடா முதல் பேசும் யந்திரத்தை வைத்தது. அந்தத் தெருவின் பெயரே பாங்க் ஸ்ட்ரீட். 1999 அக்டோபரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் ஒன்று பேசிற்று.

நம் தேசத்தில் 2009 ஏப்ரலில் ரிஸர்வ் பாங்கு, புதிதாக வைக்கும் யந்திரங்களில் மூன்றில் ஒரு பங்காவது பேசுகிற, பிரெயில் விசையுள்ள யந்திரமாக இருக்க வேண்டும் என்றது. 2012 ஜூனில் யூனியன் பாங்கு அகமதாபாத்தில் அத்தகைய யந்திரம் ஒன்றைத் திறந்தது. பம்பாயில் யந்திரம் வந்து அப்போது இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. பிறகு 2014 ஜூலை 1ஆம் தேதி முதல் வைக்கிற எல்லா யந்திரங்களுமே பேச வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அது பேசுகிற விதம் எப்படி? ரொம்பச் சாமானியம். யந்திரத்தின் முகத்தில், காதில் மாட்டிக்கொள்ளும் 'இயர்போன்' ஒயரைச் செருக ஒரு சின்னத் துளை. செருகியதும் உள்ளே இருக்கும் குரல் விழித்துக்கொள்கிறது. கார்டை எங்கே நுழைப்பது, எந்த விசை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஐந்தாம் எண் விசையின் மேல் ஒரு புடைப்பு; விரல் அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்களை அதைச் சுற்றிக் கண்டுபிடித்துவிடலாம். ரகசிய எண்ணை அழுத்தும்போது குரல் எண்ணைச் சொல்லாது. ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு சிறு ஓசை மட்டும் எழும். வேண்டுமானால் திரையை இருட்டாக்கிவிடலாம். பின்னால் நிற்கிறவன் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு நிமிஷத்துக்குக் கண்ணுள்ளவனும் இல்லாதவனும் சமம்!

கைக்கு வந்த நோட்டை எப்படி அறிவது? அதற்கும் வழி செய்திருந்தார்கள். 1996ல் வந்த மகாத்மா காந்தி வரிசை நோட்டுக்களில், இருபதுக்கு நீள்சதுரம், ஐம்பதுக்குச் சதுரம், நூறுக்கு முக்கோணம், ஐந்நூறுக்கு வட்டம் என்று தடவிப் பார்க்கத் தக்க அடையாளங்கள் உண்டு. பழைய நூறும் பழைய ஐந்நூறும் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டன. 2016 நவம்பரில் பழைய ஐந்நூறும் ஆயிரமும் ஒரே இரவில் செல்லாமல் போயின. பின்னர் வந்த புது நோட்டுக்களில் நூறு 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐந்நூறு 150. நாலு மில்லிமீட்டர் என்பது ஒரு நெல்லின் நீளம்கூட இல்லை. அதைக் கொண்டு பணத்தைப் பிரித்தறியச் சொன்னார்கள். ஓரத்தில் மேடான கோடுகளும் வைத்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் நோட்டு ஆயிரம் கை மாறி நைந்து வரும்போது மேடு பள்ளமெல்லாம் சமமாகிவிடுகிறதே! 2020ஆம் வருஷத்துப் பிறப்பன்று, டெலிபோனில் நோட்டைக் காட்டினால் அதன் மதிப்பைச் சொல்கிற ஓர் ஏற்பாட்டை ரிஸர்வ் பாங்கு வெளியிட்டது.

"நாட்டில் எத்தனை பேர் இப்படி இருக்கப் போகிறார்கள்? அவர்களுக்காக ஒவ்வொரு யந்திரத்தையும் பேச வைப்பதா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கூலி பாங்கிக் கணக்கில் விழ ஆரம்பித்த பிறகு, எழுத்தறியாத எத்தனையோ பெண்கள் கார்டை யாரிடமாவது நீட்டிக்கொண்டு யந்திரத்தின் வாசலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கண் இருக்கிறது, திரைதான் பேசவில்லை. காதுக்குள் தமிழ் பேசும் ஒரு குரல் அவர்களுக்கும் வேண்டும். நாளைக்குக் கண்ணில் புரை விழுந்தால் என் நண்பருக்கும் வேண்டியிருக்கும் என்பதை நான் சொல்லவில்லை. சிநேகம் முக்கியம்.

இப்போதெல்லாம் பணப் பெட்டியின் காலமே மலையேறிக்கொண்டிருக்கிறது. எல்லாம் டெலிபோனில் என்கிறார்கள். அங்கேயும் பழைய கதைதான் புது உடுப்பில் வந்தது. பாங்கிக் கணக்குத் தொடங்க, "நீர் உயிருள்ள மனிதர்தான் என்று காட்டக் கண்ணைச் சிமிட்டும்" என்று டெலிபோன் கேட்கிறது! கண்ணைச் சிமிட்ட முடியாதவர்கள் உயிரில்லாதவர்களா? அமிலத்தால் முகம் சிதைக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஏப்ரல் 30ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், இத்தகைய மின்னணு வசதிகளை அடைவதும் அரசியல் சட்டம் கொடுக்கும் வாழ்வுரிமையில் சேர்ந்ததுதான் என்று தீர்ப்பளித்து, இருபது கட்டளைகளும் இட்டார்கள். சமையலறை மேஜையில் இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வொரு முறையும் கோர்ட்டு வாசலில்தான் இடம் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் படித்த பிறகும், பர்லியார்ப் பெரியவரின் அந்த வாக்கியத்துக்குத்தான் திரும்பி வருகிறேன். அவருடைய பணத்தை யாரும் திருடவில்லை. ஆனாலும் அவர் ஒன்றை இழந்திருந்தார். மூடி வைக்க ஒரு பெட்டியே இல்லாதவன், சாவியைப் பிறரிடம் நம்பிக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? பையனை அவர் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் அவனிடம் விட்டிருந்தார். இரண்டும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே ஒன்றில் பாசம் வளருகிறது. மற்றதில் சந்தேகம் வளருகிறது. அந்தச் சந்தேகத்தை நல்ல பையன் ஒருவன் இரண்டு வருஷம், தான் அறியாமலே சுமந்திருக்கிறான்.

மறு வருஷம் பழம் பழுக்கிற சமயத்தில் பர்லியாரில் இறங்கினேன். பெரியவர் என் குரலைக் கேட்டதுமே சிரித்தார். பையனே தன்னுடைய இயர்போனை எடுத்துக்கொண்டு அவரைக் குன்னூருக்கு அழைத்துப் போனானாம். முதல் யந்திரத்தில் துளையை யாரோ குப்பையால் அடைத்திருந்தார்கள். காவலாளிக்கு அது எதற்கு இருக்கிற துளை என்றே தெரியவில்லை. இரண்டாவது யந்திரம் பேசிற்று. பையன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"தமிழ்லயே பேசுச்சுங்க. பொம்பளைக் குரலு. அவசரப்படாம, மரியாதையாச் சொல்லுச்சு" என்றார் பெரியவர். ஒரு மங்குஸ்தானை எடுத்து அடியைத் தடவி, "ஏழு சுளை, இது அபூர்வம்" என்று என் கையில் வைத்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, சற்றுத் தயங்கிச் சொன்னார்:

"அந்த நம்பரை மாத்திட்டேனுங்க, தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க."

"நல்ல காரியம் செய்தீர்கள், ஐயா" என்றேன். அவருடைய நாலு எண்களை ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்த என் நெஞ்சும் லேசாயிற்று.

பஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினார். நான் ஏறப் போகையில் பெரியவர் பின்னாலிருந்து, கடைக்குள் இருக்கிறவன் காதிலும் நன்றாக விழும்படியாகச் சொன்னார்:

"மழை நாள்ல நான் எங்கீங்க போறது? கார்டைப் பையன்கிட்டயே குடுத்தனுப்பறேன். புது நம்பரு அவனுக்கு மட்டுந்தான் தெரியும்."